பதினாலு பக்கம்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பூரணியின் மேல் ஒரே ஒரு குறைதான். கதையை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். மற்றபடி அவள் வாயைத் திறந்தால் போதும், அக்கம்பக்கத்துச் செடி நிரைகளில் பேச்சு அடங்கிவிடும். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், காது பூரணியிடம் இருக்கும்.

நாற்பத்தாறு வயது. புருஷன் கணேசமூர்த்திக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஒரே மகள் நிலக்ஷி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். பூரணி அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள். கணக்கு காலை வாரிவிட்டது, தமிழில் மட்டும் நல்ல புள்ளி. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்ய முடியும்? கதை சொல்லலாம். பதினெட்டு வயதில் கூடையை மாட்டிய நாளிலிருந்து அதைத்தான் செய்கிறாள். பெரும்பாலும் டிவியில் பார்த்த படக்கதைகள். பாதிப் படத்தில் கரண்ட் போனாலும் பூரணியின் கதையில் போகாது. மீதியை அவளே கட்டிவிடுவாள், அதுவும் படத்தைவிட நன்றாகவே இருக்கும். பிறகு முழுப் படத்தையும் பார்த்தவர்கள் வந்து, “என்னடி, நீ சொன்னதுல அவன் சாகலையே” என்பார்கள். “படம் எடுத்தவனுக்குப் புத்தியில்ல” என்பாள் பூரணி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவளுக்கு இடப்பக்கத்து நிரை லெட்சுமியுடையது. வலப்பக்கம் மீனம்மா. லெட்சுமிக்கு நாக்கு நீளம், பொறுமை குட்டை. மீனம்மா ஐந்தாறு வயது மூத்தவள், அதிகம் பேசமாட்டாள். இருபத்தெட்டு வருஷமாகப் பூரணியின் வலக்கைப் பக்கம் அவள்தான்.

நிலக்ஷி ஹட்டனில் டியூஷனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இந்த வம்பு ஆரம்பித்தது. மகளைக் கூட்டிவரப் போன பூரணி, மழைக்கு ஒதுங்கி வகுப்புக்குள் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். டியூஷன் முடிந்ததும் அதே அறையில் வாசகர் வட்டம் கூடுமாம். நடத்துகிறவர் துரைராசா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷம் இங்கேயே படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் ஒரு பழைய இங்கிலாந்துக்காரரின் நாவலைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய மனுஷன். தமிழில் மூன்று தடித்த பாகம். அட்டையில் நெஞ்சுவரை தாடியோடு அவரே முறைத்துக்கொண்டிருந்தார்.

“உலகத்தில இவரைப்போல மனிசரைத் தெரிஞ்ச எழுத்தாளன் இல்லை” என்றார் துரைராசா.

“மனிசரைத் தெரியும் சேர், நிப்பாட்டத்தான் தெரியாது” என்றாள் லோஜனா, பட்டப்படிப்பு முடித்த இளம் ஆசிரியை. “ஒரு வசனம் துவங்கினால் பின்னேரம்தான் முடியும்.”

இன்னொருவர், சிரிப்பு வரும் இடங்கள் நல்லது, அழுகிற இடங்கள் மோசம் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்படியே தலைகீழாகச் சொன்னார். பூரணிக்குத் தலை சுற்றியது. ஒரே புத்தகத்தைத்தானே எல்லாரும் வாசித்தார்கள்?

போகும்போது துரைராசா மூன்று பாகத்தையும் ஒரு சீலைப்பையில் போட்டு அவளிடம் நீட்டினார். “வாசிச்சுப்போட்டு வாங்கோ பிள்ளை. உங்கட அபிப்பிராயத்தையும் கேட்பம்.”

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த பூரணிக்கு அந்த ஒரு சொல்தான் பெரிய கனமாக இருந்தது. இத்தனை வயதில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை கிலோ, ஏன் லேட்டு, பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அபிப்பிராயம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. இருக்கிறதா என்றுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

வாசித்தாள். வாசித்ததை மறுநாள் மலையில் சொன்னாள்.

கதை மோசமில்லை. துறைமுகப் பட்டணம் ஒன்றில் ஓர் அநாதைப் பெண், தையல் வேலை செய்து பிழைக்கிறாள். அவளுக்கு வரவேண்டிய வீட்டையும் நிலத்தையும் சித்தப்பன்காரன் அமுக்கிக்கொண்டான். உயில் காணாமல் போய்விட்டது. எந்நேரமும் குடையோடு அலைகிற ஒரு வக்கீல், அவளுக்காகக் கோர்ட்டு ஏறி இறங்குகிறார். இதை மூன்று நாளில் சொல்லிவிடலாம். தாடிக்காரர் விட்டால்தானே? ஒருவன் கதவைத் திறந்து உள்ளே வர ஆறு பக்கம் எடுத்துக்கொள்கிறான். கதவு, கதவின் பூட்டு, பூட்டுச் செய்த கொல்லன், கொல்லனின் மாமியார் என்று எல்லாரும் வந்து போன பிறகுதான் அவன் கால் உள்ளே விழுகிறது.

“அவன் உள்ள வாரதுக்குள்ள நான் ரெண்டு கிலோ பறிச்சிருவேன்டி” என்றாள் லெட்சுமி. “தாடித் தாத்தாவுக்கு வேற வேலை வெட்டி இல்லியா? சுருக்கமா சொல்லு.”

குடைக்கார வக்கீலை மட்டும் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அவர் ஒவ்வொரு தடவையும் குடையை எங்கேயாவது மறந்துவிட்டு வருவார். கடைசி நிரைப் பெண்கள்கூட, “இன்னிக்குக் கொடை எங்க?” என்று கேட்பார்கள்.

மீனம்மா கேட்பது வேறு. “அந்த ஊர்ல பனி கொட்டுதுன்னியே. நம்ம பனி மாதிரி மூஞ்சியில ஒட்டுமா, இல்ல சும்மா பொக மாதிரி போயிருமா?” தாடிக்காரர் பனிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார். பூரணி அதைத் தாண்டிவிட்டிருந்தாள். ராத்திரி திரும்பப் போய் வாசித்து வந்து சொன்னாள். மீனம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். லெட்சுமி கொட்டாவி விட்டாள்.

யார் சொல்வது சரி? பூரணிக்கே பிடிபடவில்லை. ஒரு நாள் எரிச்சல் வந்து புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மறுநாள் அரிசி களையும்போது வக்கீலை நினைத்துத் தனியாகச் சிரித்தாள். கணேசமூர்த்தி எட்டிப் பார்த்து, “ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?” என்று கேட்டான்.

லெட்சுமி கட்சிக்குத்தான் ஆள் அதிகம். அதனால் பூரணி, தேயிலைச் செடியைக் கழிக்கிற மாதிரி, கவ்வாத்துக் கத்தியை எடுத்துவிட்டாள். வாதாய்க் கிடந்ததையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, கதையின் கொழுந்தை மட்டும் கிள்ளிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு முழு ஆளையே வெட்டிவிட்டாள்.

அந்த ஆள் ஒரு தாய். கப்பலுக்குப் போன மகன் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. தினமும் சாயங்காலம் துறைமுக வாசல் கேட்டுக்கு வந்து நிற்பாள். கேட்டைப் பூட்டினதும் வீட்டுக்குப் போவாள். அவ்வளவுதான் விஷயம், அதற்குப் பதினான்கு பக்கம்.

நீளம் பார்த்து மட்டும் வெட்டவில்லை. அதை வாசித்தபோது பூரணிக்கு மீனம்மாதான் கண்ணுக்குள் நின்றாள். மீனம்மாவின் மகன் ஜெயகாந்தன் கொழும்பில் துணிக்கடையில் வேலைக்கு நின்றான், பிறகு ஏதோ ஏஜென்ட்டைப் பிடித்து வெளிநாடு போனான். ஆறு மாதம் பேசினான். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக ஒரு பேச்சும் இல்லை. ஏஜென்ட்டின் நம்பரும் வேலை செய்யவில்லை. அவர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் சிக்னல் கிடைக்காது. அதனால் மீனம்மா தினமும் வேலை விட்டதும் மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை நிற்பாள். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். இப்படிப்பட்டவள் காதில் அந்தப் பதினான்கு பக்கத்தை எப்படிப் போடுவது? பூரணி தாயையும் மகனையும் சேர்த்து வெட்டிவிட்டு எட்டாம் அத்தியாயத்துக்குத் தாவினாள். ஒரு பயலுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் பாகத்தில் தாடிக்காரர் பழிவாங்கினார்.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் யார் தெரியுமா? அந்தக் கப்பல்காரன்தான். அவன் திரும்பி வருகிறான். துறைமுகக் கேட்டில் இறங்குகிறான். அங்கே தாய் நிற்கிறாள். அதற்குப் பிறகுதான் கோர்ட்டு, தீர்ப்பு, அநாதைப் பெண்ணுக்கு வீடு எல்லாம். அவன் இல்லாவிட்டால் கதையே இல்லை. தாய் இல்லாவிட்டால் அவனும் இல்லை. குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டதில் வீட்டுச் சாவி போய்விட்டது.

பூரணி தலையில் கை வைத்துக்கொண்டாள். படக்கதை என்றால் ஐந்து நிமிஷத்தில் வேறொரு சாட்சியைக் கொண்டுவந்திருப்பாள். ஆனால் இரண்டு மாதம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணிவிட்டு அவர் மேல் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லலாம் என்றால், மகன் வராத தாயின் முன்னால் நின்று, கதையில் வந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? அழுதாலும் பாவம், சந்தோஷப்பட்டு நம்பிவிட்டாலும் பாவம்.

அதனால், நாளைக் கடத்த, மலையில் பூரணி சொன்ன கதையில் வக்கீலுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் இறங்கவில்லை.

“என்னடி காய்ச்சல் அது?” என்றாள் லெட்சுமி. “கொண்டு போயி டிக்கோயா ஆஸ்பத்திரியில போட்டுட்டுத் தீர்ப்பச் சொல்லுடி.”

ஞாயிற்றுக்கிழமை பூரணி ஹட்டனுக்குப் போனாள். அபிப்பிராயம் சொல்லப் போகவில்லை, வழி கேட்கப் போனாள். வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். மீனம்மாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

“ஒரு வரியும் விடப்படாது பிள்ளை” என்றார் துரைராசா. “அந்த மனிசன் காரணமில்லாமல் ஒரு குடையைக்கூட மறக்கமாட்டார்.”

“இல்லை அக்கா, நீங்கள் வெட்டினது சரி” என்றாள் லோஜனா. “அவர் மாதாமாதம் பத்திரிகைக்கு எழுதினவர், பக்கம் நிரப்பவேணும். அந்தத் தாய் எங்களை அழவைக்கிறதுக்கெண்டே கேட்டில கொண்டுவந்து நிப்பாட்டின பொம்மை. மகன் வருவான், கட்டிப்பிடிப்பான், வாசிக்கிற ஆள் மூக்குச் சிந்தும். மலிஞ்ச வித்தை.”

“நான் மூண்டு தரம் வாசிச்சனான்” என்றார் துரைராசா. “மூண்டு தரமும் சிந்தினனான்.”

யாரோ ஒருவர் இருமினார். பூரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேர் சொன்னதும் அவளுக்குச் சரியாகவே பட்டது, அதுதான் தொல்லை. வித்தை என்று தெரிந்தும் அவளும் அழுதாள்தான். அழுதுவிட்டு, இதற்குப் பதினான்கு பக்கம் வேண்டுமா என்று தாடிக்காரரைத் திட்டவும் செய்தாள். போகும்போது இருந்ததைவிடக் குழம்பித்தான் அன்றைக்குப் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து இறங்கும்போது மீனம்மாவைத் தனியாக நிறுத்தினாள். என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், உள்ளதை அப்படியே கொட்டிவிட்டாள். ஏழாம் அத்தியாயம், கேட்டு, தாய், கப்பல்காரன், வெட்டியது, எதற்காக வெட்டினாள் என்பது. மகன் திரும்பி வருகிறானா என்பதை மட்டும் சொல்லவில்லை. மீனம்மா கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

“எனக்காகவா வெட்டுன?”

“ஆமாங்கக்கா. ஒங்க மனசு நோகுமேன்னு...”

“என் மனசப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்?” மீனம்மா கத்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினாள். “ரெண்டு வருசமா இந்த லயத்துல ஒருத்தராச்சும் என் முன்னாடி ஜெயா பேர எடுத்தீங்களா? செத்துப்போனவங்க பேரக்கூடச் சொல்றீங்க. எம் மகன் பேரச் சொல்ல மாட்டேங்கிறீங்க. நான் வந்தா பேச்ச மாத்திர்றீங்க. கதையிலயாச்சும் ஒருத்தி என்னய மாதிரி நின்னுக்கிட்டு இருந்திருக்கா. அவளையும் வெரட்டிப்புட்டியா?”

பூரணி நல்லது செய்வதாக நினைத்துத்தானே செய்தாள்? மீனம்மா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், கங்காணி ஆட்களை எண்ணி நிரை பிரிக்கும்போது, மீனம்மா தனக்குக் கடைசி நிரை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பூரணியின் வலப்பக்கத்தில் வேறொருத்தி நின்றாள். பூரணி அன்றைக்குக் கதை சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

“தீர்ப்பு என்னடி ஆச்சு?” என்றாள் லெட்சுமி.

“கோர்ட்டு லீவு.”

லெட்சுமி ஏதோ கேட்க வாயெடுத்து, கடைசி நிரையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவளுக்கும் சில நேரம் புரியத்தான் செய்யும்.

பூரணிக்கு அந்த நான்கு நாளும் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டதும் தப்பு, சொன்னதும் தப்பு என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? தாடிக்காரர் மேல் கோபம் வந்தது. அவரைத் தூக்கிக் கொடுத்த துரைராசா மேலும், வெட்டினது சரி என்ற லோஜனா மேலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த நாக்கு மேல் வந்தது. கதை போனால் போகட்டும். மீனாக்கா பேசாமலே இருந்துவிட்டால்?

சனிக்கிழமை பின்னேரம் லயத்து வாசலில் நிழல் தட்டியது. மீனம்மா. உள்ளே வரவில்லை.

“பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா.”

பூரணி முதல் பாகத்தை எடுத்தாள். கொஞ்சம் யோசித்து மூன்றாம் பாகத்தையும் எடுத்துச் சீலைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருவரும் தண்ணீர்த் தொட்டிவரை ஏறினார்கள். மீனம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவ வாரதுலருந்து வாசி. ஒரு சொல்லும் விடக்கூடாது. விட்டா எனக்குத் தெரிஞ்சிரும்.”

பூரணி வாசித்தாள். அந்தத் தாயின் சால்வையில் எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று ஒரு பக்கம். கேட்டுக் காவல்காரனின் நாய் முதலில் குரைத்ததும், பிறகு வாலாட்டியதும், கடைசியில் அவளைக் கண்டுகொள்ளாமல் தூங்கியதும் ஒரு பக்கம். வருகிற கப்பல்களின் பெயரெல்லாம் வரிசையாக வந்தன. வீட்டில் பூரணி கண்ணை ஓட்டித் தாண்டிய பட்டியல் அது. இப்போது ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தாள். காற்று சரியில்லை, அதனால்தான் இன்றைக்குக் கப்பல் வரவில்லை என்று அந்தத் தாய் காவல்காரனுக்குச் சொல்கிறாள். மறுநாள் காற்று நன்றாக இருக்கிறது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள்.

மீனம்மா ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேசினாள். திரும்பிப் போகும்போது அந்தத் தாய் கடைத்தெரு வழியாகப் போகாமல், சுற்றுவழியில் போவாள் என்று வந்தது. யாராவது பார்த்தால் கேட்டுவிடுவார்களோ என்றும், பார்த்தும் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் அவளுக்கு இரண்டு பயமும் இருந்தது என்று எழுதியிருந்தார்.

“இத ஒரு ஆம்பளையா எழுதுனான்?” என்றாள் மீனம்மா.

“ஆமாங்கக்கா.”

“ம். வாசி.”

தொட்டியிலிருந்து இறங்கும்போது மீனம்மாவும் ஃபேக்டரிப் பாதையை விட்டுவிட்டு மாட்டுப்பட்டிப் பக்கமாகத்தான் சுற்றிப் போவாள். பூரணி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுத்து மங்கித் தெரிந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். நாளைக்கு ஞாயிறு, துரைராசா சேர் அபிப்பிராயம் கேட்பார். பெரிய எழுத்தாளர் என்று சொல்வதா, பெரிய வாயாடி என்று சொல்வதா, இன்னும் அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டைப் பூட்டும் சத்தத்தோடு அத்தியாயம் முடிந்தது. பூரணி நிமிர்ந்தாள்.

“அவ்ளோதானா?” என்றாள் மீனம்மா.

“அவ்ளோதான்க்கா. பதினாலு பக்கம்.”

“பத்தாதுடி.”

பூரணி பைக்குள் கையை விட்டு மூன்றாம் பாகத்தைத் தொட்டுக்கொண்டாள். இனியும் மறைக்க அவளுக்கு மனமில்லை. “அக்கா, கடைசியில அவன் வந்துர்றான். வாசிக்கவா?”

மீனம்மா மடியிலிருந்த போனை ஒரு தடவை பார்த்தாள். திரையில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

“அது கெடக்கட்டும். இன்னிக்கு அவ நிக்கட்டும். நீ மறுபடியும் மொதல்லருந்து வாசி.”

பூரணி பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி, சால்வை ஒட்டிலிருந்து ஆரம்பித்தாள்.